ஈயத்துக்கு விலை, லித்தியத்துக்கு மூலை

வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி போன மாதம் உயிரை விட்டது. கடையிலிருந்து புதியதைக் கொண்டுவந்த இரண்டு பேரும், பழையது வண்டியில் ஏறும்வரை வாசலை விட்டு நகரவில்லை. ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். கைப்பிடியில் கயிறு கோத்து, படிக்குப் படி நிறுத்தி இறக்கினார்கள். ஒரு மூலையில் ஆசிட் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்ததால் அடியில் சாக்கு போட்டுக்கொண்டார்கள். ஐந்தாறு வருடம் உழைத்து ஓய்ந்த அந்தப் பெட்டிக்காகப் புதியதன் விலையில் சில ஆயிரம் ரூபாயைக் கடைக்காரர் கழித்துக்கொடுத்தார்.

அதே வீட்டில் மேசை இழுப்பறைக்குள் மூன்று பழைய கைப்பேசிகளும், வயிறு வீங்கிய ஒரு பவர் பேங்கும், ஒரு மடிக்கணினி பேட்டரியும் நான்கு வருடமாகக் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு யாரும் கதவைத் தட்டியதில்லை.

இரண்டும் பேட்டரிதான். இரண்டுக்குள்ளும் இருப்பது பூமியைத் தோண்டி எடுத்த உலோகம்தான். கழிவிலிருந்து உலோகத்தை மீட்பது என்றதும் நாம் ஆய்வுக்கூடத்தையும் புதிய தொழில்நுட்பத்தையும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஓர் உலோகம் திரும்பி வருமா, வராதா என்பதைப் பெரும்பாலும் காயலான் கடைத் தராசுதான் முடிவு செய்கிறது. வேதியியலுக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

அந்தத் தராசில் ஈயத்துக்குப் பழைய இடம் உண்டு. தெருவில் பேரீச்சம்பழக்காரர் கூவிப்போன காலத்திலேயே இரும்புக்கும் பித்தளைக்கும் நடுவே ஈயத்தின் பெயரும் வரும். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வேறு. அது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம், நஞ்சு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகியதில் கொஞ்சம் ஏமாந்தும் இருக்கிறோம்.) 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்து முதல் முறையாகத் திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். இன்று பஸ்ஸிலும் காரிலும் இருப்பதும் அதன் வாரிசுதான். ஈயச் சட்டம், அதில் அப்பிய ஈய ஆக்சைடு பசை, சுற்றிலும் ஆசிட், வெளியே பிளாஸ்டிக் டப்பா. மொத்த எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஈயமும் அதன் சேர்மங்களும்தான்.

முறையான ஆலையில் இதைப் பிரிப்பது பார்க்கவே திருப்தியான வேலை. ஆசிட்டை வடித்துவிட்டு, பேட்டரிகளை நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். நெல்லைத் தண்ணீரில் போட்டால் பதர் மிதக்குமே, அதே கணக்கு: டப்பாவின் பிளாஸ்டிக் மேலே மிதக்கும், ஈயம் அடியில் போய் உட்காரும். மிதந்த பிளாஸ்டிக்கைக் கழுவி, உருக்கி, மணியாக்கினால் அடுத்த பேட்டரிக்கு டப்பா. அடியில் தங்கிய பசையின் பெரும்பகுதி ஈய சல்பேட். அப்படியே உலையில் போட்டால் கந்தகப் புகை கிளம்பும். அதனால் சலவைச் சோடாவோடு கலந்து கந்தகத்தைத் தனியே பிரித்துவிடுவார்கள். பிறகு கல்கரியும் இரும்புத் தூளும் சேர்த்து 1,000 டிகிரி அளவுக்குச் சூடேறும் சுழல் உலையில் கொட்டினால் ஈயம் வடியும். அதைக் கொப்பரையில் மறுபடி காய்ச்சி, கூட இருக்கும் செம்பு, ஆன்டிமனி, வெள்ளீயத்தை நீக்கினால் 99.97 விழுக்காடு சுத்தமான பாளம் கிடைக்கும். சுரங்கத்திலிருந்து வந்த பாளத்துக்கும் இதற்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்காவில் ஈய பேட்டரிகளில் 99 விழுக்காடு திரும்பி வருவதாக அந்தத் தொழில்துறையே சொல்கிறது. உலகில் ஒரு வருடத்தில் உற்பத்தியாகும் ஈயத்தில் பாதிக்கு மேல் சுரங்கத்தைப் பார்த்ததே இல்லை. பழைய பேட்டரியிலிருந்து வருகிறது. கண்ணாடி, காகிதம், பிளாஸ்டிக் எதுவும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வர முடியாது. காரணங்கள் சாதாரணமானவை. எந்தக் கம்பெனி பேட்டரியானாலும் உள்ளே ஒரே சரக்கு. பாதிக்கு மேல் ஒரே உலோகம். வீட்டில் வைத்துக்கொள்ள இடத்தை அடைக்கும் கனம். புதியது வாங்கும் இடத்திலேயே பழையது கைமாறுகிறது. இந்தியாவில் 2001இல் வந்த பேட்டரி விதிகள் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைக் கடைக்காரருக்கு வைத்தன. ஆனால் அந்த விதி வருவதற்கு முன்பே மெக்கானிக்கும் காயலான் கடைக்காரரும் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

நல்ல செய்தி இவ்வளவுதான்.

ஈயத்தின் விலை எல்லாக் கைகளையும் ஒன்றாகவே அழைக்கிறது. சுத்த ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், கரி அடுப்பு போதும். ஊருக்கு வெளியே ஒரு குழி, கோடாரி, காற்று ஊத ஒரு விசிறி இருந்தால் உருக்காலை தயார். டப்பாவைப் பிளந்து ஆசிட்டை மண்ணில் ஊற்றிவிட்டு, தகடுகளைக் கரியோடு குழியில் போடுகிறார்கள். பசையில் இருக்கும் ஈயத்தை எடுக்க அந்தச் சூடு போதாது. கணிசமான பங்கு கசடோடும் புகையோடும் போய்விடுகிறது. அவ்வளவு வீணாகியும் அவர்களுக்குக் கட்டுபடியாகிறது. புகையை வடிகட்டும் பைகளோ, கழிவுநீர் நிலையமோ, தொழிலாளிக்கு இரத்தப் பரிசோதனையோ, ஜிஎஸ்டி பில்லோ கிடையாது. அந்தச் செலவுகளை மிச்சம் பிடித்துப் பழைய பேட்டரிக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். முறையான ஆலை வாசலில் சரக்குக்காகக் காத்திருக்க, சரக்கு குழிக்குப் போய்விடுகிறது. என் வீட்டிலிருந்து கயிறு கட்டி இறக்கிய பேட்டரி எந்த நெருப்புக்குப் போகிறது என்று நானும் கேட்கவில்லை. விலையில் கழித்த தொகையை மட்டும் சரிபார்த்துக்கொண்டேன்.

இந்த விலை எதுவரை போகும் என்பதற்கு செனகல் நாட்டில் ஓர் இடம் இருக்கிறது. தலைநகர் டக்கார் அருகே தியாரோய் சூர் மேர் என்ற கடலோரப் பகுதி. அங்கே பல வருடங்களாகப் பழைய பேட்டரிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்த இடத்து மணலில் ஈயம் ஊறிப்போயிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2003இல் உலகச் சந்தையில் டன் 500 டாலரையொட்டி இருந்த ஈயம், 2007 அக்டோபரில் 4,000 டாலரை நெருங்கியது. அதுவரை வெறும் மணலாக இருந்தது திடீரென்று தாதுவாகிவிட்டது. அந்தப் பகுதிப் பெண்கள் மணலைத் தோண்டிச் சல்லடையில் சலித்து, ஈயச் சத்துள்ள மண்ணை மூட்டை கட்டி விற்றார்கள். மூட்டைகள் வீட்டுக்குள் இருந்தன. சலித்த தூசு பாயிலும் பாத்திரத்திலும் படிந்தது. 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். வலிப்பு வந்து, மூளை பாதிக்கப்பட்டு, வேகமாக முடிந்துபோன சாவுகள். என்ன நோய் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை.

யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின், அதாவது சுமார் 80 கோடிப் பேரின் இரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஈயம் இருப்பதாகக் கணக்கிட்டது. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாக ஒழுங்கில்லாத பேட்டரி உருக்கலைக் குறிப்பிட்டது. உலகிலேயே மிக நன்றாக மறுசுழற்சியாகும் பொருள்தான் குழந்தைகளின் இரத்தத்திலும் மறுசுழற்சியாகிறது. ‘இவ்வளவு விழுக்காடு மீட்கப்படுகிறது’ என்ற கணக்கை எங்கே படித்தாலும் எனக்கு இப்போதெல்லாம் அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது: எந்த உலையில்?

இனி இழுப்பறைக்கு வருவோம்.

லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் கட்டுமானத்தைப் பார்த்தால், பிரித்தெடுக்கப்படக் கூடாது என்று சபதம் செய்து கட்டியதுபோல இருக்கும். ஓர் அலுமினியத் தாள்மேல் உலோக ஆக்சைடு பூச்சு, ஒரு செப்புத் தாள்மேல் கிராஃபைட் பூச்சு, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. மூன்றையும் ஜமுக்காளம் மாதிரிச் சுருட்டி, எளிதில் தீப்பற்றும் திரவத்தை ஊற்றி மூடியிருப்பார்கள். பூச்சுகள் உதிராமல் இருக்க வலுவான பசை. ஈய பேட்டரியைக் கோடாரியால் பிளப்பதுபோல இதைப் பிளந்தால் தீயும் நச்சுப் புகையும்தான் பதில். ஆகவே முதலில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். சில இடங்களில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பிறகு ஆக்சிஜன் இல்லாத அறையிலோ தண்ணீருக்கடியிலோ அரைத்து, இரும்பு, செம்பு, அலுமினியத் துணுக்குகளைச் சலித்து நீக்கினால் கரி போல ஒரு பொடி மிஞ்சும். தொழிலில் அதற்குப் பிளாக் மாஸ் என்று பெயர். லித்தியம், கோபால்ட், நிக்கல், மாங்கனீசு, கிராஃபைட் எல்லாம் அதற்குள்தான் கலந்து கிடக்கின்றன.

அந்தப் பொடியைக் கந்தக அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் கரைக்கலாம். கரைசலிலிருந்து ஒவ்வோர் உலோகத்தையும் அதற்குப் பிடித்த கரைப்பானைக் காட்டி ஒன்றன்பின் ஒன்றாக வெளியே இழுக்கலாம். கோபால்ட், நிக்கல் போன பிறகு, கடைசியில் லித்தியம் கார்பனேட்டாகப் படியும். அல்லது, பெல்ஜியத்தின் ஹோபோகனில் உமிகோர் நிறுவனம் செய்ததுபோல, மொத்தத்தையும் பெரிய உலையில் உருக்கலாம். கோபால்ட்டும் நிக்கலும் செம்பும் கலவை உலோகமாக அடியில் சேரும். லித்தியமும் அலுமினியமும் கசடோடு போய்விடும். லித்தியம் வேண்டுமென்றால் கசடைத் திரும்பப் பதப்படுத்த வேண்டும். இந்த வித்தைகளுக்கு அடிப்படையான மின்வேதியியல் நமக்குப் புதியதும் அல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953இலிருந்து அந்தத் துறைக்காகவே நடக்கிறது.

ஆக, எடுக்க முடியும். எடுத்தால் யாருக்கு லாபம் என்பதில்தான் சிக்கல்.

பேருக்குத்தான் லித்தியம் பேட்டரி. பழைய கைப்பேசியின் பேட்டரியில் இருக்கும் லித்தியம் ஒன்றரை கிராமைத் தாண்டாது. அதோடு அணுவுக்கு அணு ஜோடி சேர்ந்திருக்கும் கோபால்ட் எடையில் எட்டரை மடங்கு. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அதன் விலைதான் இத்தனை நாளும் மறுசுழற்சி ஆலைகளுக்குச் சோறு போட்டது. ஆனால் பேட்டரி செய்பவர்களுக்குக் கோபால்ட் ஒரு தலைவலி: விலை அதிகம், காங்கோ சுரங்கங்களில் குழந்தைத் தொழிலாளர் இருப்பதால் கெட்ட பெயர். எனவே அவர்கள் இரும்புக்கும் பாஸ்பேட்டுக்கும் மாறினார்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்ற அந்த வகை மலிவானது, எளிதில் தீப்பிடிக்காதது, நீண்ட நாள் உழைப்பது. 2024இல் உலக மின்வாகனங்களில் ஏறிய பேட்டரிகளில் கொள்ளளவுக் கணக்கில் பாதிக்குப் பக்கம் அதுதான்.

எல்லா வகையிலும் நல்ல பேட்டரி, ஒன்றைத் தவிர. அதை உடைத்துக் கரைத்து எடுத்தால் கிடைப்பது இரும்பும் பாஸ்பேட்டும், கொஞ்சம் லித்தியமும். இரும்பை ஆசிட்டில் கரைத்து எடுத்து விற்பவன் பிழைக்க முடியாது. லித்தியத்தையாவது நம்பலாம் என்றால் அது சூதாட்டம். 2022 நவம்பரில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் டன் ஆறு லட்சம் யுவானைத் தொட்டது. மறு வருடம் முடியும்போது ஒரு லட்சத்துக்கும் கீழே விழுந்துவிட்டது. கனடாவின் லி-சைக்கிள் நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் கட்டிக்கொண்டிருந்த பெரிய ஆலையை 2023இல் பாதியில் நிறுத்தியது. 2025இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

இதை எங்கள் தெருக் காயலான் கடையிலேயே பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் மின்ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் தூக்கிப் பார்த்தார், கனம் போதவில்லை. காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். “இது ஈயம் இல்லையே சார். பெட்டிக்கு அலுமினிய விலை தருகிறேன், உள்ளே இருப்பதை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்” என்றார். நஞ்சான ஈயத்துக்குத் தராசு சாய்கிறது, அதைவிட நல்ல சரக்கு வாசலிலிருந்தே திருப்பி அனுப்பப்படுகிறது.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொரு கணக்கு. எல்எஃப்பி பேட்டரியின் நேர்முனைப் பொடியில் எடைக்கு 4.4 விழுக்காடு லித்தியம். ஆஸ்திரேலியாவில் மலையை உடைத்து எடுக்கும் லித்தியத் தாதுவில் பெரும்பாலும் ஒரு விழுக்காடுகூட இல்லை. மலையைவிட இழுப்பறை செழிப்பானது. ஆனால் மலையில் பல கோடி டன் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது, ஒரே மாதிரி இருக்கிறது, தீப்பிடிக்காது. இழுப்பறைகளோ கோடி வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு வகை, மேலே என்ன வகை என்ற எழுத்துகூடத் தேய்ந்துபோனது. சுரங்கக்காரர் பாறைக்குக் கொடுக்கும் விலையைவிட, என் வீட்டுக்கு ஒருவரை அனுப்பிக் கைப்பேசியைக் கேட்டு வாங்கும் செலவு அதிகம்.

தராசு தானாகச் சாயாத இடத்தில் சட்டம்தான் கல்லை வைக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த இந்தியாவின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத்தான் செய்யப் பார்க்கின்றன. பேட்டரியைச் செய்தோ இறக்குமதி செய்தோ விற்ற கம்பெனியே அதைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். தானே செய்யாவிட்டால் மறுசுழற்சி ஆலையிடமிருந்து அதற்கான சான்றிதழை விலைக்கு வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழின் விலைதான் காங்கோ கோபால்ட் விட்டுப்போன இடத்தை நிரப்ப வேண்டியது. அடிமாட்டு விலைக்குச் சான்றிதழ் கிடைத்தால் ஆலை ஓடாது. கூடினால் உற்பத்தியாளர் கோபிப்பார். மின்னணுக் கழிவில் கிலோவுக்கு 22 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்ததற்கே பெரிய கம்பெனிகள் நீதிமன்றப் படியேறிவிட்டன.

விதிகளில் ஒரு குறை எனக்குக் கண்ணை உறுத்துகிறது. கையடக்க பேட்டரிகளிலும் மின்வாகன பேட்டரிகளிலும் உலர் எடையில் 90 விழுக்காட்டை 2026-27இலிருந்து மீட்க வேண்டும் என்கிறது நம் விதி. மொத்த எடைதான் அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் வருட பேட்டரி ஒழுங்குமுறை ஒவ்வோர் உலோகத்துக்கும் தனித்தனியே இலக்கு வைக்கிறது: லித்தியத்தில் 2027 முடிவுக்குள் 50 விழுக்காடு, 2031 முடிவுக்குள் 80. கோபால்ட், நிக்கல், செம்புக்கு அதைவிட அதிகம். எடையை மட்டும் கேட்டால், கனமான பெட்டியும் தாள்களும் முதலில் எண்ணப்படும்; இலேசான லித்தியம் வழக்கம்போலக் கடைசி வரிசையில் நிற்கும். புதிய மின்வாகன பேட்டரியில் 2027-28இல் 5 விழுக்காடு, 2030-31இல் 20 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்ற இன்னொரு விதியும் உண்டு. என் பார்வையில் இதற்குத்தான் பல் அதிகம், ஏனென்றால் இது வாங்குபவரை உருவாக்குகிறது. இப்போது இந்திய ஆலைகள் பல கறுப்புப் பொடியோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் பிரிக்கும் வேலையும் அதன் லாபமும் கடல் கடந்து போகின்றன. முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கு 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கிய 1,500 கோடி ரூபாய் அந்த அடுத்த படியைக் கட்டுமா என்று பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைக் கழிவிலும் இதே தராசுதான், கல் மட்டும் இன்னும் கனம். மேட்டூரில் மால்கோ நிறுவனம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்தது. 2008இல் உற்பத்தி நின்றது. சிவப்புச் சேற்று மேடு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு டன் அலுமினா எடுத்தால் ஒன்று முதல் ஒன்றரை டன் சிவப்புச் சேறு மிஞ்சும். காரம் ஊறிய அந்தச் சேற்றில் இரும்பு ஆக்சைடு நிறைய, டைட்டானியம் கொஞ்சம், ஸ்காண்டியம் டன்னுக்குக் கிராம் கணக்கில். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அயிகாவில் இப்படி ஒரு சேற்றுக் குளத்தின் கரை உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். இரும்பு எடுக்கலாம்தான், ஆனால் ஒடிசாவில் 60 விழுக்காட்டுக்கு மேல் இரும்புள்ள தாதுவைப் பொக்லைன் வைத்து அள்ளுகிற நாட்டில், ஈரச் சேற்றை உலர்த்தி இரும்பு எடுக்க யார் வருவார்கள்?

வருபவர்கள் எப்போது வருவார்கள் என்பதைக் கோலார் தங்கவயல் சொல்லும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் மூன்று நான்கு தலைமுறை இறங்கி உழைத்த சுரங்கங்கள் அவை. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், 2001 பிப்ரவரி 28இல் மூடும்போது 3 கிராமுக்குப் பக்கம் வந்துவிட்டிருந்தது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பிறகு மிஞ்சிய மாவை ஊரைச் சுற்றிக் கொட்டினார்கள். சயனைடு மேடு என்பது அங்கே குன்றின் பெயர், பஸ் நிற்கும் இடத்துக்கு அடையாளம். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவு பறந்து வீட்டுக்குள் வரும். கதவை அடைத்துத் துணியைத் திணித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு அது தூசு. இருபது வருடங்களுக்கு மேல் அந்த மேடுகள் அப்படியே கிடந்தன.

பிறகு தங்கத்தின் விலை எங்கேயோ போயிற்று. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் 1,003 ஏக்கரில் இருக்கும் 13 மேடுகளை மறுபடி அரித்துத் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று கோடி டன்னுக்கு மேல் மாவு. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம். கோவையில் பட்டறை வாசல் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கப் பொடி எடுப்பவர்களின் கணக்குதான், அளவு மட்டும் பெரியது. எடுக்கிற தங்கம் எல்லாம் சேர்ந்தாலும் சில லாரிகளில் அடங்கிவிடும். மிச்சம் மூன்று கோடி டன் மாவும், இரண்டாம் முறை கரைசலில் நனைந்து, அதே ஊரில் எங்காவது ஓரிடத்தில் திரும்பக் கொட்டப்பட்டாக வேண்டும்.